மூச்சு விடாதீங்க ஆச்சி!

‘ப்ரீத் இன்’ - இதுக்கு என்ன அர்த்தம்?

“இதெல்லாம் ஒரு கேள்வியா பாஸ்? மூச்சை உள்ளே இழு. அவ்ளோதானே!” என்று அடுத்த பக்கத்துக்குத் தாவப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க. நானும் உங்களை மாதிரிதான் நினைச்சேன். ப்ளஸ் டூ இங்கிலீஷில் நல்ல மார்க், இப்போ இன்ஜினீயரிங் மூணாவது வருஷம், ஹாஸ்டல் ரூமில் சப்-டைட்டில் இல்லாமல் ஹாலிவுட் படம் பார்க்கிற பார்ட்டி. அப்படிப்பட்ட நான் இந்த ரெண்டே ரெண்டு வார்த்தையில் குப்புற விழுந்தேன். விழுந்தது நான். ஒரு மாசம் மூச்சு வாங்கினது எங்க ஆச்சி!

கதைக்கு வர்றேன். எங்க ஊர் உடன்குடி. திருச்செந்தூருக்குப் பக்கம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினாங்களே, அதுக்கு அடுத்த வீடு மாதிரி. ஆனா ராக்கெட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க ஊரை உலகத்துக்குக் கொண்டு போனது கருப்பட்டி. 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. அந்தக் கருப்பட்டியைக் காய்ச்சின கைகளில் ரெண்டு கை எங்க ஆச்சியுடையது.

தாத்தா பனையேறி. காலையிலும் சாயங்காலமும் மரம் ஏறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவின கலயத்தில் பதனீர் இறக்கிட்டு வருவாங்க. அதோடு அவங்க வேலை முடிஞ்சது. ஆச்சி வேலை அப்போதான் ஆரம்பம். தேரிக்காட்டு ஓரமா ஓலையில் கட்டின விடிலிக்குள்ளே பெரிய சட்டியை அடுப்பில் ஏத்தி, காவோலையும் உடைமர விறகும் போட்டு மணிக்கணக்கில் எரிக்கணும். பதம் தப்பினா எல்லாம் போச்சு. பதம் வந்ததும் சிரட்டையில் ஊத்தி ஆற வைக்கணும். சீசன் முழுக்க இதுதான். நாப்பது வருஷம் ஆச்சி அந்தப் புகைக்குள்ளேயே இருந்தாங்க. வீட்டுச் சமையலுக்கு காஸ் அடுப்பு வந்தபிறகும் விடிலிக்கு காஸ் வரலை. சிலிண்டர் வெச்சுக் கருப்பட்டி காய்ச்சினா கட்டுப்படியாகுமா, சொல்லுங்க!

போன வருஷம் ஆச்சிக்கு இருமல் நிக்கவே இல்லை. நாலு படி ஏறினா மூச்சு இரைக்குது. தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் முதல் கேள்வியே, “பாட்டி, புகை பிடிக்கிற பழக்கம் உண்டா?”

ஆச்சி முகம் போன போக்கைப் பார்க்கணுமே! “ச்சீ... பொம்பள கிட்ட கேக்குற கேள்வியா இது?”

டாக்டர் சிரிச்சுட்டு அடுத்த கேள்வி கேட்டார். “சரி, அடுப்புப் புகை?”

ஆச்சி பதிலே சொல்லலை. என்னைத்தான் பார்த்தாங்க.

நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். இங்கேதான் நம்ம ஹீரோ ‘ப்ரீத் இன்’ என்ட்ரி! அந்த மெஷின் தானாகவே பேசும். உள்ளே படுத்திருக்கிறவர் தவிர வேற யாரும் ரூமில் இருக்கக் கூடாது, கதிர்வீச்சு. ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரக் குரல்: ‘ப்ரீத் இன்... ஹோல்ட் யுவர் ப்ரெத்...’ படம் எடுத்து முடிச்சதும், ‘ப்ரீத்’. மூணே கட்டளை. சில செகண்ட் மூச்சை அடக்கணும். ஏன்னா, மூச்சு இழுத்தா உதரவிதானம் கீழே இறங்கும், விட்டா மேலே ஏறும். அது ஆடினா நுரையீரலும் ஆடும். ஓடுற பஸ்ஸை ஃபோட்டோ எடுத்த மாதிரி படம் கலங்கிடும்.

முதல் ரவுண்டில் படம் கலங்கிடுச்சு. டெக்னீஷியன் வெளியே வந்து, “நீங்களே கொஞ்சம் சொல்லிக் குடுங்கம்மா” என்றார். உள்ளே ஓடினேன்.

“ஏட்டி, யாருட்டி அந்த ப்ரீத்தி? திரும்பத் திரும்பக் கூப்பிடுதான், அவ எங்க போனா?” என்றாங்க ஆச்சி.

சிரிப்பை அடக்கிட்டு, “அது ப்ரீத்தி இல்ல ஆச்சி. மூச்சைப் புடிக்கச் சொல்லுதாங்க” என்றேன்.

“ஏற்கெனவே மூச்சு புடிச்சிக்கிட்டதாலதானட்டி ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கேன்! இன்னும் என்னத்தப் புடிக்க?”

நான் ‘ஙே’ என்று நின்னேன். ஆச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரியான தமிழ். நம்ம ஊரில் மூச்சு பிடிச்சுக்கிச்சுன்னா விலாவில் சுளுக்கு மாதிரி இழுத்துப் பிடிக்கிறது. அது தானா வர்ற வலி, நாம செய்யுற வேலை இல்லை. ‘ஹோல்ட்’ என்பதை அப்படியே ‘பிடி’ ஆக்கினது என் டிக்‌ஷனரி மூளை.

எப்படியோ ரெண்டாவது ரவுண்டில் படம் வந்துடுச்சு. அப்புறம் ஒரு குழாயைக் கொடுத்து “ஊதுங்க ஊதுங்க ஊதுங்க” என்று கத்தினாங்க. அந்த டெஸ்ட் பேரு ஸ்பைரோமெட்ரி. அதை ஆச்சி பிரமாதமா செஞ்சாங்க! ஏன்னு அப்போ எனக்குப் புரியலை, பின்னாடி சொல்றேன். ரிப்போர்ட் வந்தப்போதான் அடுத்த காமெடி. அதில் ‘ஃபோர்ஸ்டு எக்ஸ்பிரேட்டரி வால்யூம்’ என்று ஒரு வரி. அப்பா அதைப் பார்த்துட்டு முகம் வெளிறிப் போய், “ஏட்டி, என்னது எக்ஸ்பயர்னு போட்டிருக்கான்?” என்றார். அப்பாவைக் குத்தம் சொல்ல முடியாது. நம்ம ஊரில் ‘எக்ஸ்பயர் ஆயிட்டார்’ என்றால் ஒரே அர்த்தம்தானே! லத்தீனில் அதோட வேர் ‘மூச்சை வெளியே விடுவது’. அதே குடும்பத்தில் ‘இன்ஸ்பயர்’ என்றால் மூச்சை உள்ளே ஊதுவது. ஆக, முதல் ஒரு செகண்டில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடியுது என்பதுதான் அந்த வரி. ஆச்சியால் கொஞ்சம்தான் தள்ள முடிஞ்சது. டாக்டர் சி.ஓ.பி.டி. என்று எழுதினார். நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். வாழ்க்கையில் ஒரு பீடி கூடத் தொடாத ஆளுக்கு!

இது எங்க ஆச்சி கதை மட்டும் இல்லைங்க. விறகு, சாணி, கரி எரிச்சு வீட்டுக்குள்ளே வர்ற புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்திருப்பாங்க என்பது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு.

இப்போ கொஞ்சம் கிராமர். ஓடாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன். ‘ப்ரீத் இன்’, ‘ப்ரீத் அவுட்’ ரெண்டும் ஃப்ரேஸல் வெர்ப். ஒரு வினைச்சொல், பின்னாடியே ஒரு குட்டி வார்த்தை. ‘கிவ் அப்’ மாதிரி சிலதில் குட்டி வார்த்தை சேர்ந்ததும் அர்த்தம் எங்கேயோ போயிடும். நம்மாளு சாது. இன் என்றால் உள்ளே, அவுட் என்றால் வெளியே. ‘இன்ஹேல்’, ‘எக்ஸ்ஹேல்’ என்றாலும் அதேதான். அது புத்தக பாஷை, இது வாய் பாஷை. மாட்டிக்கிற இடம் வேற. ‘ப்ரெத்’ பெயர்ச்சொல், ‘ப்ரீத்’ வினைச்சொல். எழுதும்போது வினைக்குக் கடைசியில் ஒரு ‘ஈ’ எழுத்து சேரும். ‘டேக் எ டீப் ப்ரீத்’ என்று ஸ்லைடு போட்டு செமினார் எடுத்த சீனியர்கள் எங்க காலேஜிலேயே உண்டு, பேர் வேண்டாம்! உச்சரிப்பிலும் வித்தியாசம். பெயருக்கு ‘திங்க்’கில் வர்ற ‘த்’, வினைக்கு ‘திஸ்’ஸில் வர்ற ‘த்’.

இன்னொரு சூட்சுமம். ‘ப்ரீத் இன் த ஸ்மோக்’ சொல்லலாம், ‘ப்ரீத் த ஸ்மோக் இன்’ சொல்லலாம். ஆனா புகைக்குப் பதிலா ‘இட்’ போட்டா ‘ப்ரீத் இட் இன்’ மட்டும்தான். அதை மாத்தி ‘ப்ரீத் இன் இட்’ என்றால், அதுக்குள்ளே இருந்துக்கிட்டே சுவாசி என்று அர்த்தம் போயிடும். எங்க ஆச்சி விஷயத்தில் ரெண்டு வாக்கியமும் கரெக்ட். நாப்பது வருஷம் புகையை உள்ளே இழுத்தாங்க. நாப்பது வருஷம் புகைக்குள்ளேயே இருந்து இழுத்தாங்க.

சரி, நான் எங்கே விழுந்தேன்? இன்ஹேலரில்!

டாக்டர் அமுக்கினா புஸ்ஸுனு மருந்து வர்ற இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அங்கே இருந்தவங்க எப்படிப் பயன்படுத்தணும்னு காட்ட ஆரம்பிச்சாங்க. நான் கெத்தா, “பேப்பர் உள்ள இருக்குல்ல? நான் படிச்சுச் சொல்லிக்கிறேன்” என்று வாங்கிட்டு வந்துட்டேன். இன்ஜினீயராச்சே! பெட்டிக்குள்ளே இருந்த பேப்பரில் வரிசையா ப்ரீத் அவுட், ப்ரீத் இன், ஹோல்ட், ப்ரீத் அவுட். நான் ஆச்சிக்குச் சொன்னது: “நல்லா மூச்சு விட்டுக்கிட்டே இதை அமுக்குங்க.”

பார்த்தீங்களா தப்பு எங்கேன்னு?

‘ப்ரீத்’ என்றால் எனக்கு ‘மூச்சு விடுறது’. தமிழில் மொத்த சுவாசத்துக்கும் நாம வெச்சிருக்கிற பேரே அதானே! ‘மூச்சு விட முடியலை’ என்கிறோம். ‘மூச்சு இழுக்க முடியலை’ என்று எத்தனை பேர் சொல்றோம்? உள்ளே, வெளியே ரெண்டுக்கும் சேர்த்து ‘விடு’ என்கிற ஒத்தை வினை வேலை பார்க்குது. ஆச்சி அதை நேர் அர்த்தத்தில் எடுத்துக்கிட்டாங்க. மூச்சை வெளியே விட்டுக்கிட்டே அமுக்கினாங்க. வாயிலிருந்து வெள்ளையா புகை மாதிரி வந்தது. “மருந்து நல்லா வேலை செய்யுது” என்று நான் கை தட்டாத குறை!

ஒரு மாசம். காலையும் சாயங்காலமும் ஆச்சி அமுக்க, நான் ஹாஸ்டலில் இருந்து போனில் “போட்டாச்சா?” என்று கேட்க. இரைப்பு குறையவே இல்லை. “இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலட்டி” என்றாங்க. ராத்திரி படுக்க முடியாமல் திண்ணையில் உட்கார்ந்தே தூங்கினாங்களாம். அதை ஆச்சி என்கிட்டே சொல்லலை, அம்மா சொன்னாங்க.

மறுபடி டாக்டர். “பாட்டி, ஒரு தடவை எனக்குச் செஞ்சு காட்டுங்க” என்றார். ஆச்சி செஞ்சு காட்டினாங்க. டாக்டர் ஆச்சியைத் திட்டலை, என்னையும் திட்டலை. “மருந்து பூரா இந்த ரூமுக்குத்தாம்மா போகுது, உங்க பாட்டிக்குப் போகலை” என்றார், அவ்வளவுதான். அரியர் விழுந்த அன்னிக்குக்கூட நான் அப்படித் தலை குனிஞ்சதில்லை.

சரியான முறை இதுதான். நல்லா குலுக்கணும். முதலில் காற்றை முழுசா வெளியே விட்டுக் காலி பண்ணணும். அப்புறம் வாயில் வெச்சு உதட்டால் மூடி, மெதுவா உள்ளே இழுக்க ஆரம்பிச்சு, இழுக்கும்போதே அமுக்கணும். அமுக்கினதும் நிறுத்தாமல் இழுத்து முடிச்சு, பத்து எண்ணுற வரைக்கும் அடக்கணும். அதுக்கப்புறம்தான் வெளியே. பவுடர் போட்டு இழுக்கிற வகை இன்ஹேலர் என்றால் கதையே வேற. அதில் மெதுவா இல்லை, வேகமா பலமா இழுக்கணும், அதுக்குள்ளே ஊதவே கூடாது. உங்க வீட்டில் யாருக்காவது இருந்தால் எந்த வகைன்னு கேட்டுட்டு, டாக்டர் முன்னாடியே ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க. எங்களுக்கு ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார். மருந்து அதில் கொஞ்ச நேரம் நிக்கும், நிதானமா இழுத்துக்கலாம்.

ஆனா ஆச்சிக்கு இதை எந்தத் தமிழில் சொல்ல? அதான் பிரச்னை. வீட்டுக்கு வந்து யோசிச்சேன். ஸ்பைரோமெட்ரியில் மட்டும் ஏன் கலக்கினாங்க? ஏன்னா அங்கே ‘விடு’ என்று சொல்லலை, ‘ஊது’ என்றாங்க! ஊதுகுழல் வெச்சு நாப்பது வருஷம் அடுப்பு ஊதினவங்களுக்கு ‘ஊது’ என்றால் எந்தப் பக்கம் காற்று போகும்னு சந்தேகமே கிடையாது. ஆக, ப்ரீத் அவுட்டுக்கு வார்த்தை கிடைச்சாச்சு. ப்ரீத் இன்? பனையோலைப் பட்டையில் பதனீர் குடிச்சிருக்கீங்களா? மடமடன்னு இழுத்தா மூக்கில் ஏறிடும். நிதானமா உறிஞ்சணும். “பட்டையில பதனீர் உறிஞ்சுத மாதிரி ஆச்சி” என்றேன். உடனே பிடிச்சுக்கிட்டாங்க. ஹோல்டுக்குத்தான் தவிச்சேன். அதுக்கு ஆச்சியே வழி சொன்னாங்க: “தம் கட்டணும்னு சொல்லு. ஒங்க தாத்தா சடுகுடுல கட்டுவாக பாரு, அந்த மாதிரி.”

அடடா! தம் பாரசீகச் சொல், மூச்சு என்றுதான் அர்த்தம். மூடி போட்டு ஆவியை அடக்கி வைக்கிற தம் பிரியாணியில் இருக்கிறதும் அதே தம். பசங்க டீக்கடைக்குப் பின்னாடி ஒளிஞ்சு அடிக்கிற தம்மும் அதேதான், என்ன கொடுமை பாருங்க! சடுகுடுவுக்கு எங்க பக்கம் தனி மவுசு. மூச்சு விடாமல் பாடிக்கிட்டே எதிராளி கோட்டைக்குள்ளே போய் வரணும். பாட்டு அறுந்தா அவுட். இப்போ கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 செகண்ட்தான். தாமிரபரணிக் கரை மணத்தியிலிருந்து போன கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கின இந்திய அணியில் ஆடினவர். அடுத்த வருஷமே அர்ஜுனா விருது. மாரி செல்வராஜ் 2025-ல் எடுத்த ‘பைசன்’ அவர் வாழ்க்கையிலிருந்து பிறந்த படம்தான். எல்லாம் தம் கட்டின கதை.

கடல் பக்கம் போனா இன்னும் பெரிய கதை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிச்சவங்க காலில் கல்லைக் கட்டி இறங்கி, ஒரு நிமிஷம் போல மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கிட்டு வருவாங்க. தோணியில் நிக்கிறவர் கயிறு பிடிச்சு மேலே இழுக்கணும். அவர் கையில்தான் கீழே இருக்கிறவர் மூச்சு. தூத்துக்குடியில் அரசு நடத்தின முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்னு போச்சு. சங்கு குளிக்கிறவங்க இன்னிக்கும் இருக்காங்க, தோணியில் கம்ப்ரஸர் வெச்சு குழாய் வழியா காற்று எடுத்துக்கிட்டு. ‘ஹோல்ட் யுவர் ப்ரெத்’துக்கு ஏத்த தமிழ் ‘மூச்சடக்கு’ என்பது, அகராதி பார்க்காமலே அவங்களுக்குத் தெரியும்.

இங்கிலீஷ் எதை இன், அவுட் என்று பின்னாடி ஒட்டுதோ, அதை நாம வினையையே மாத்திச் சொல்றோம். இழு, விடு, அடக்கு, வாங்கு, முட்டு, திணறு. எங்க தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த, 1856-ல் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் போட்ட கால்டுவெல், நம்ம மொழிகள் முன்னாடி ஒட்டாமல் பின்னாடி ஒட்டுற மொழிகள்னு அப்பவே எழுதி வெச்சிருக்கார். அவருக்கு ‘மூச்சு வாங்குது’ எப்படிப் புரிஞ்சிருக்கும்னு எனக்கு ஒரு ஆசை, கேட்டுப் பார்க்கணும்! வாங்குறது என்றால் உள்ளே வர்றதுதானே? ஆனா மூச்சு வாங்கினால் நாம ‘அவுட் ஆஃப் ப்ரெத்’!

சில இடத்தில் ரெண்டு மொழியும் கைகோத்துக்கும். ‘டோன்ட் ப்ரீத் எ வேர்ட்’ என்றால் யார்கிட்டேயும் சொல்லாதே. நாம “மூச்சு விடாதே” என்கிறோம். அச்சு அசல் அதே! சில இடத்தில் காலை வாரும். ‘டோன்ட் ஹோல்ட் யுவர் ப்ரெத்’ என்று ஹெச்.ஆர். சொன்னால் மூச்சை விடச் சொல்றார்னு நினைக்காதீங்க. “இப்போதைக்கு நடக்காது, காத்திருக்காதே” என்று நாசூக்கா கையை விரிக்கிறார். ‘ப்ரீதிங் டவுன் மை நெக்’ - கழுத்துக்குப் பின்னாடி மூச்சு படுற தூரத்தில் நின்னு வேலை வாங்குறது. ப்ராஜெக்ட் ரிவ்யூ வாரத்தில் கைடு என்ன செய்வார்? அதேதான்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். ‘மூச்சு விட முடியலை’ என்று தமிழில் ‘விடு’ வர்றதைப் பார்த்து, நம்ம மொழியில்தான் ஏதோ ஓட்டைன்னு நினைச்சேன். டாக்டர்கிட்டே கேட்டுட்டேன். ஆஸ்துமாவிலும் சி.ஓ.பி.டி.யிலும் காற்று உள்ளே போறதைவிட வெளியே வர்றதுதான் பெரிய பாடு என்றார். சுருங்கின குழாயில் போன காற்று உள்ளேயே மாட்டிக்குமாம். ஆச்சி முதல் நாளே டாக்டர்கிட்டே சொன்னது, “மூச்சு விட முடியல ஐயா.” கரெக்டாத்தான் சொல்லியிருக்காங்க.

இப்போ லீவுக்கு ஊருக்குப் போனா காலையில் முதல் வேலை இதுதான். திண்ணையில் ஆச்சி, கையில் இன்ஹேலர், பக்கத்தில் நான்.

“ஊதுங்க.”

ஊதுவாங்க.

“உறிஞ்சுங்க... தம் கட்டுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு...”

பத்து வந்ததும் விட்டுட்டு, வாய் கொப்பளிச்சுத் துப்பிட்டு, ஆச்சி ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பாங்க: “ஏட்டி, அந்த ப்ரீத்தி வந்தாளா, இல்லியா?”